முள்ளைப் பின்னால் தள்ளாதே

கும்பகோணத்தில் எங்கள் தாத்தா வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. ஊசல் ஆடும், மணிக்கு மணி அடிக்கும், அரை மணிக்கு ஒற்றை அடி. எட்டு நாளைக்கு ஒருமுறை சாவி கொடுத்தால் போதும் என்பது கணக்கு. தாத்தா எட்டாம் நாளை நம்பமாட்டார். சனிக்கிழமை காலையானால் முக்காலி போட்டு ஏறிவிடுவார். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

எனக்குப் பத்து வயதிருக்கும். கோடை விடுமுறை. ஐந்து மணி அடித்தால்தான் தெருவில் இறங்கி விளையாடலாம் என்பது பாட்டியின் சட்டம். ஒருநாள் நான்கு மணி அடித்ததும் பாட்டி கொல்லைப்பக்கம் போனாள். நான் முக்காலியில் ஏறி, கண்ணாடிக் கதவைத் திறந்து, பெரிய முள்ளை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டேன். நடுவில் ஒன்று அடித்தது, முடிவில் ஐந்து அடித்தது. "அஞ்சாயிடுச்சா? சரி, போ" என்று கொல்லையிலிருந்தே குரல் வந்தது. தாத்தாவின் வேட்டி மடிப்பில் ஒரு பாக்கெட் கடிகாரம் எப்போதும் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பத்து நிமிடத்தில் காதைப் பிடித்து உள்ளே கொண்டுவந்தார். அடி விழும் என்று நினைத்தேன், விழவில்லை. கடிகாரத்துக்கு முன்னால் என்னை நிறுத்தி, "இப்ப இதைச் சரி பண்ணணும். எப்படிப் பண்ணுவே?" என்று கேட்டார்.

"ஒரு சுத்து பின்னால தள்ளினா போதும் தாத்தா."

"முள்ளைப் பின்னால தள்ளக் கூடாது. உள்ளே பல்லு உடைஞ்சிடும்."

"அப்போ ஊசலை ஒரு மணி நேரம் நிறுத்தி வச்சிடலாம்."

வீட்டில் கடிகாரம் நிற்பது நல்லதில்லை என்று தூணோரத்திலிருந்து பாட்டி சொல்லிவிட்டாள். அந்த வழியும் அடைபட்டது. தாத்தா பெரிய முள்ளில் விரலை வைத்து முன்னோக்கித் தள்ள ஆரம்பித்தார். ஐந்தரைக்கு ஒன்று அடித்தது. ஆறு மணிக்கு ஆறு. ஒவ்வொரு முறையும் கையை எடுத்துவிட்டு அது அடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். அவசரப்பட்டால் முள் ஒரு மணியைக் காட்டும், கடிகாரம் வேறு மணியை அடிக்குமாம். ஏழு, எட்டு என்று போய்ப் பன்னிரண்டு தாண்டி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பதினொரு மணி நேரம் முன்னால் போய், ஒரு மணி நேரம் பின்னால் இருந்த இடத்தைப் பிடித்துவிட்டார். மொத்தம் 84 அடி. எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, "என்னங்கய்யா, கடியாரத்துக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு விளையாட்டு போனதுதான் எனக்கு வருத்தம். என் ஆய்வு வாழ்க்கை முழுக்க அந்தப் பதினொரு மணி நேரத்தைச் சுற்றியே போகப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பி.எஸ்ஸி. தமிழ்வழியில் படித்தேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அங்கே கற்ற சொற்கள்தான் பின்னால் கைகொடுத்தன. குலம், அரைக்குலம், சமனி, எதிர்மறை. ஒரு கூட்டத்தில் எந்த இரண்டு உறுப்புகளைச் சேர்த்தாலும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஓர் உறுப்பு கிடைக்க வேண்டும். அது அடைப்பு விதி. மூன்றைச் சேர்க்கும்போது அடுத்தடுத்த எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் விடை மாறக் கூடாது. அது சேர்ப்பு விதி. இந்த இரண்டும் இருந்தால் அரைக்குலம். எதனோடு சேர்த்தாலும் அதை மாற்றாத சமனி ஒன்று இருந்து, ஒவ்வோர் உறுப்புக்கும் அதைச் செய்யாததுபோல் ஆக்கும் எதிர்மறையும் இருந்தால் குலம். கடிகார முகத்தின் பன்னிரண்டு எண்களும் கூட்டலில் ஒரு குலம். பன்னிரண்டு அங்கே சமனி. ஒன்றுக்கு எதிர்மறை பதினொன்று. தாத்தா செய்தது அதைத்தான் என்று அந்த வகுப்பிலேயே எனக்குப் பொறி தட்டியது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, ஆனால் பாடப்புத்தகம் நம் வீட்டுக் கூடத்துக்குள் நுழைவது எப்போதாவதுதான் நடக்கும்.

எம்.எஸ்ஸி.க்கு மெட்ராஸ் போனேன். அங்கே எல்லாம் ஆங்கிலம். முதல் ஆறு மாதம் பேந்தப் பேந்த விழித்தேன். டோபாலஜி பாடம் எடுத்தவர்தான் பிறகு என் எம்.ஃபில். வழிகாட்டி. லயோலாவில் ஃபாதர் ரசீனிடம் படித்தவர். 1937-இல் இந்தியாவுக்கு வந்த அந்தப் பிரெஞ்சுப் பாதிரியார் சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன் போன்றவர்களை உருவாக்கியவர். அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் சாரின் குரல் தணியும். மற்ற நேரங்களில் தணியாது.

டோபாலஜி எனப்படும் இடவியல் என்பது அருகாமையைப் பற்றிய கணக்கு. எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை, அடிக்கோல் வைத்து அளக்காமலேயே சொல்லும் முறை. ஒரு குலத்துக்கு இந்த அருகாமையையும் கொடுத்து, சேர்த்தலும் எதிர்மறையும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று கேட்டால் அது இடவியல் குலம். சேர்க்கப்படும் பொருள்கள் கொஞ்சம் நகர்ந்தால் விடையும் கொஞ்சமே நகர வேண்டும், தாவக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. அதற்குள் எவ்வளவு அடங்கிக் கிடக்கிறது என்பதைச் சார் முதல் வாரத்திலேயே ஒரு பழமொழியில் சொல்லிவிட்டார்: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். குலத்தில் எந்த இடத்தையும் எந்த இடத்துக்கும் நகர்த்திக் கொண்டுபோய்விடலாம். ஆகவே சமனியின் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டால் ஊர் முழுக்கப் பார்த்த மாதிரி.

"அரைக்குலத்துல அது நடக்காது. அங்கே ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியா நசுக்கிப் பாக்கணும்" என்பார். பூஜ்ஜியத்திலிருந்து ஒன்று வரையுள்ள எண்களைப் பெருக்கலோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று யாரையும் தொந்தரவு செய்வதில்லை, பூஜ்ஜியம் எல்லாரையும் விழுங்கிவிடுகிறது. நடுவில் இருப்பவர்கள் தங்களைத் தாங்களே பெருக்கிக்கொண்டு மெல்லப் பூஜ்ஜியத்தை நோக்கிச் சரிகிறார்கள். சரிந்தவர் திரும்ப வழியில்லை. எதிர்மறை இல்லாத ஊர் அப்படித்தான் இருக்கும்.

அந்த நாட்களில் நூலகத்தில் நான் அதிகம் கையில் வைத்திருந்தது பொந்திரியாகின் எழுதிய இடவியல் குலங்கள் பற்றிய நூல். ரஷ்ய மூலம் 1938-இல் வந்தது. எம்மா லேமரின் ஆங்கில மொழிபெயர்ப்பு அடுத்த ஆண்டே வந்துவிட்டது. பதினான்காம் வயதில் அடுப்பு வெடித்துப் பார்வை இழந்தவர் பொந்திரியாகின். கணிதம் படித்திராத அவருடைய அம்மா தத்தியானா அந்திரேயெவ்னாதான் புத்தகங்களைப் படித்துக் காட்டுவார். குறிகளின் பெயர் தெரியாததால் பார்த்த உருவத்தையே சொல்வாராம். கணங்களின் சேர்ப்புக்குறி 'வால் மேலே', வெட்டுக்குறி 'வால் கீழே'. அந்த வால்களைக் காதால் கேட்டு வளர்ந்தவர்தான் 1934-இல் பரிமாற்றுக் குலங்களுக்கான இருமைக் கொள்கையைக் கட்டி எழுப்பினார். ஒரு குலத்தை அறிய அதிலிருந்து வட்டத்துக்குப் போகும் தொடர்ச்சியான வழிகளை எல்லாம் திரட்டினால் போதும். முழு எண்களின் இருமை வட்டம், வட்டத்தின் இருமை முழு எண்கள். விடுதி அறையில் இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரன் விளக்கை அணைக்கச் சொல்லித் திட்டினான்.

எம்.ஃபில்.லுக்கு இடவியல் அரைக்குலங்கள், அதாவது சேர்த்தல் தொடர்ச்சியாக இருக்கும் அரைக்குலங்கள், என்று முடிவானது. 1983 கடைசியில் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: ஓர் இடவியல் அரைக்குலம் இயற்கணித முறையில் குலமாகவும் இருந்தால், கிளியர்லி, எதிர்மறையும் தொடர்ச்சியானது. சேர்த்தல் தொடர்ச்சியாக இருக்கிறது, எதிர்மறையும் கைவசம் இருக்கிறது, அது மட்டும் எங்கே தாவிவிடப் போகிறது? சார் அந்தக் 'கிளியர்லி'க்கு அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்திருந்தார். வேறொன்றும் எழுதவில்லை. கேட்டால், "நீயே பாரேம்ப்பா" என்றார்.

மூன்று வாரம் பார்த்தேன். நிரூபிக்கவே முடியவில்லை. தவறு என்று காட்டவும் தெரியவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போக எழும்பூரில் ரயிலேறியபோதும் அந்தக் கேள்விக்குறி கூடவே வந்தது.

கும்பகோணம் ஸ்டேஷன் வாசலில் அப்போதும் இரண்டு மூன்று ஜட்கா வண்டிகள் நிற்கும். பையும் அம்மாவுக்கு வாங்கிய இரண்டு பாத்திரங்களும் இருந்ததால் ஒன்றில் ஏறினேன். குதிரைக்குக் கண்பட்டை கட்டியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும், ஏதோ ஞாபகம் வந்தவராக வண்டிக்காரர் வண்டியைத் திருப்பப் பார்த்தார். குதிரை முரண்டு பிடித்தது. "முன்னாடி எவ்ளோ தூரம் வேணும்னாலும் போகும் தம்பி. பின்னாடி என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாதில்ல" என்றார்.

அங்கேயே விழுந்தது விடை. வகுப்பில் படித்த சார்கன்ஃப்ரே கோடுதான். ராபர்ட் சார்கன்ஃப்ரே 1947-இல் முற்றிலும் வேறு காரியத்துக்காகப் பயன்படுத்திய வெளி அது. உறுப்புகள் நாம் அறிந்த மெய்யெண்களே. அருகாமை மட்டும் வேறு. ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பவை என்றால் அதுவும் அதற்கு வலப்புறம் ஒட்டியிருப்பவையும்தான். இடப்புறம் எவ்வளவு நெருங்கி நின்றாலும் கணக்கில் இல்லை. கண்பட்டை கட்டிய எண்கள்! இங்கே கூட்டல் தொடர்ச்சியானது: இரண்டு எண்களும் வலப்புறம் துளி நகர்ந்தால் கூட்டுத்தொகையும் வலப்புறம் துளி நகரும். ஆனால் குறியை மாற்றிப் பாருங்கள். பூஜ்ஜியத்துக்கு வலப்புறம் ஒட்டி நின்றவை எல்லாம் இடப்புறம் போய்விடுகின்றன. அங்கே அவை பூஜ்ஜியத்தின் கண்ணில் படுவதே இல்லை. முன்னால் போவது தொடர்ச்சி, திரும்புவது தாவல். ஆக, எதிர்மறை கைவசம் இருக்கலாம், தொடர்ச்சி இல்லாமலும் இருக்கலாம்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பாத்திரங்களை அம்மாவிடம் கொடுத்தேனா, வண்டியிலேயே விட்டேனா என்று ஞாபகமில்லை. அதைப் பற்றி வீட்டில் ரொம்ப நாள் பேச்சு இருந்தது.

மெட்ராஸ் திரும்பியதும் சாரிடம் குதிரைக் கதையோடு விடையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, அலமாரியிலிருந்து கையெழுத்துப் பிரதி ஒன்றை எடுத்துப் போட்டார். ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழக இதழில் 1952-இல் கட்சுமி நுமகுரா எழுதிய கட்டுரை. யாரிடமிருந்தோ இரவல் வாங்கி, அவரே உட்கார்ந்து எழுதி எடுத்தது. "கண்பட்டை கட்டினாலும் குதிரையை வட்டமான தெருவில விட்டா என்ன ஆகும்னு இதுல இருக்கு" என்றார்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. பொறுமையில்லாதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

காம்பாக்ட் என்றொரு பண்பு. கச்சிதம் என்று வைத்துக்கொள்வோம். கச்சிதமான வெளியில் முடிவில்லாமல் நடந்துகொண்டே இருக்க முடியும், ஆனால் எங்கும் மொய்க்காமல் தப்பிக்க முடியாது. காலடிகள் ஏதாவது ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்பத் திரும்ப வந்து மொய்த்தே தீரும். நேர்கோடு கச்சிதமில்லை, ஒரே திசையில் போனால் போனதுதான். வட்டம் கச்சிதம். கடிகார முள்ளை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு முன்னால் தள்ளுகிறேன், அந்த அளவு சுற்றின் பின்னமாக எழுதவே முடியாதது என்று வையுங்கள். முள் புறப்பட்ட இடத்துக்குச் சரியாக ஒருநாளும் திரும்பாது. ஆனால் எவ்வளவு நெருக்கம் வேண்டும் என்கிறீர்களோ அவ்வளவு நெருக்கத்துக்கு வந்துவிடும். அப்படி வந்து சேர்வதற்கு ஒரு தள்ளல் முன்பு அது எங்கே இருந்தது? ஒரு தள்ளல் பின்னால் போனால் இருக்க வேண்டிய இடத்துக்கு மிக அருகில். தாத்தாவின் பதினொரு மணி நேரம்!

நுமகுரா காட்டியது இதன் பொதுவடிவம். கச்சிதமான எந்த அரைக்குலத்திலும் தன்னைத் தன்னோடு சேர்த்தாலும் தானாகவே நிற்கும் உறுப்பு ஒன்றாவது இருக்கும். தன்னடுக்கு என்பார்கள். விடுதியில் ரம்மி ஆடுகிறவர்களைப் பார்த்துத்தான் எனக்கு அது புரிந்தது. நன்றாகக் கலைந்த சீட்டை இன்னொருமுறை கலைத்தாலும் அது நன்றாகக் கலைந்த சீட்டுதான். சமமான உறுப்பை இரு பக்கமும் அடித்துவிடலாம் என்கிற நீக்கல் விதியும் சேர்ந்துவிட்டால், அந்தத் தன்னடுக்கு சமனியாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒவ்வோர் உறுப்பின் அடுக்குகளும் மொய்க்கிற இடத்தில் அந்தச் சமனி இருக்கும், கூடவே எதிர்மறையும் இருக்கும். ஆக, எதிர்மறை என்ற பேச்சையே எடுக்காமல் ஆரம்பித்தோம். வெளி கச்சிதமாக இருந்ததால் எதிர்மறையும் வந்தது, அதன் தொடர்ச்சியும் வந்தது. 1957-இல் ராபர்ட் எல்லிஸ் இன்னொரு பக்கமாக இதையே தொட்டார். ஒவ்வொரு புள்ளியின் அக்கம்பக்கமாவது கச்சிதமாக இருக்கும் ஒரு குலத்தில், சேர்த்தல் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாகத் தொடர்ச்சியாக இருந்தாலே போதும், மீதியெல்லாம் தானே வரும்.

சீட்டுக் கதையைச் சாரிடம் சொன்னபோது, "அது உவமை இல்லப்பா, உண்மையே அதான்" என்றார். ஒரு குலத்தின் மீதுள்ள நிகழ்தகவுப் பரவல்களை எல்லாம் திரட்டினால் அவையே ஓர் இடவியல் அரைக்குலம். அதில் தன்னடுக்காக நிற்பவை, கச்சிதமான உட்குலம் ஒன்றின் மீது சமமாகப் பரவியவை மட்டுமே. ஆல்ஃப்ரெட் ஹார் 1933-இல் கண்ட அளவைதான் அந்தச் சமப் பரவல். இந்தத் துறையில் 1962, 63-இல் கல்கத்தாவிலிருந்து வந்த கட்டுரைகளில் கே. ஆர். பார்த்தசாரதி, ரங்கா ராவ், எஸ். ஆர். எஸ். வரதன் என்று மூன்று பெயர்கள் இருக்கும். பார்த்தசாரதி விவேகானந்தா கல்லூரி, வரதன் பிரசிடென்சி. "உன்னை மாதிரி இந்த ஊர் பஸ்ல போனவங்கதான்" என்பார் சார். வரதனுக்கு 2007-இல் ஏபெல் பரிசு அறிவித்த அன்று அந்த வாக்கியம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது.

டீக்கடையில் நிற்கும்போதுதான் அவர் இன்னும் நன்றாகப் பேசுவார். ஹார் அளவையை இடவியல் குலங்களின் ஆய்வில் நடுநாயகமாக வைத்த ஆந்த்ரே வெய்லின் பிரெஞ்சு நூல் 1940-இல் வந்தது. அதே ஆண்டில் படைக்குப் போகாத குற்றத்துக்காக அவர் ருவான் சிறையில் சில மாதம் இருந்தார். அதற்குப் பத்து வருடம் முன்பு இருபத்து சொச்சம் வயதில் அலிகாரில் பேராசிரியர். அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர் தி. விஜயராகவன், பின்னாளில் அழகப்பச் செட்டியார் மெட்ராசில் 1950-இல் தொடங்கிய ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர். பிசோ–விஜயராகவன் எண்கள் என்று உலகம் சொல்லும் எண்களுக்குப் பாதிப் பெயர் அவருடையது. அடுக்குகளை ஏற்ற ஏற்ற முழு எண்களை ஒட்டிக்கொண்டே போகும் எண்கள் அவை. பொன் விகிதம் என்கிற 1.618... அதில் ஒன்று. பத்தாம் அடுக்கு 122.9919, இருபதாம் அடுக்கு 15126.99993. கடிகார முள்ளை அத்தனை சுற்று சுற்றினால் பன்னிரண்டின் மூக்கிலேயே வந்து நிற்கும். ஒரு க்ளாஸ் டீ முடிவதற்குள் இவ்வளவும் வரும். கடைக்காரர் கணக்கில் எழுதிக்கொள்வார், சார் மாதக் கடைசியில் கொடுப்பார்.

எம்.ஃபில். முடிந்தது. 1985-இல் ஒரு சிறு நகரக் கல்லூரியில் வேலை கிடைத்தது. அடுத்த வருடம் சாரிடமே பகுதிநேரமாகப் பிஎச்.டி.க்குப் பதிந்தேன். எடுத்துக்கொண்டது வாலஸின் கேள்வி.

ஏ. டி. வாலஸ் அமெரிக்காவில் டுலேன் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், இடவியல் அரைக்குலங்களுக்கென்று ஒரு மாணவர் பரம்பரையையே உருவாக்கியவர். அவர் 1955-இல் எழுப்பிய கேள்வி இது. நுமகுராவின் தேற்றத்தில் கச்சிதத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன ஆகும்? எண்ணத்தக்க கச்சிதம் என்று ஒன்று உண்டு. அங்கே எல்லா நடைகளும் மொய்த்தாக வேண்டியதில்லை; முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி என்று எண்ணிச் சொல்லக்கூடிய நடைகள் மட்டும் மொய்த்தால் போதும். இப்படிப்பட்ட வெளியில், நீக்கல் விதி பொருந்தும் இடவியல் அரைக்குலம் கட்டாயம் குலமாகிவிடுமா?

பார்க்கிறவர் யாராக இருந்தாலும் ஆகும் என்றுதான் சொல்வார். ஓர் உறுப்பின் அடுக்குகளை எண்ணித்தானே போகிறோம்? அவை மொய்க்கத்தானே போகின்றன? மொய்க்கும் இடத்தில் சமனி அகப்படாமல் எங்கே போகும்? 1972-இல் முகர்ஜியும் செர்ப்பெஸும் இதற்கு ஒரு பாதி விடை கொடுத்திருந்தார்கள். தொடர்முறைகளைக் கொண்டே எல்லாப் புள்ளிகளையும் எட்டிப் பிடிக்க முடிகிற வெளிகளில் விடை 'ஆம்'. அந்தக் கூடுதல் நிபந்தனையை எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு வருட வேலை என்று மனைவியிடம் சொன்னேன்.

கல்லூரி நேரம் போக, விடைத்தாள் திருத்தும் நேரம் போக, பெண்ணுக்குக் காய்ச்சல் வந்த இரவுகள் போக, மீந்த நேரமெல்லாம் வாலஸுக்கு. மாதம் ஒருமுறை இரவு பஸ்ஸில் மெட்ராஸ் போய், நாளெல்லாம் நூலகத்தில் இதழ்களைக் குறிப்பெடுத்து, மறுபடி இரவு பஸ். நூறு பக்க நோட்டுகள் ஒன்று, இரண்டு என்று நிறைந்தன. 1988-இல் மூன்றாவது நோட்டில் நிரூபணம் முடிந்துவிட்டதாகத் தோன்றியது. கொண்டுபோய்ச் சாரிடம் கொடுத்தேன். அப்போது அவருக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது, கண்புரை வேறு. இரண்டு மாதம் கழித்துத் திருப்பித் தந்தார். ஒரு கோடு இல்லை, ஒரு கேள்விக்குறி இல்லை. "படிச்சேன். இன்னும் யோசி" என்றார். பிடித்ததா, பிழையா, ஒன்றும் புரியவில்லை. மறுபடி கேட்கக் கூச்சம். பார்வை மங்கியதில் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது என்றுகூட மனதுக்குள் குறைபட்டேன். நிரூபணத்தை இன்னும் சுருக்கமாக்குகிறேன் பேர்வழி என்று நான்காம் நோட்டிலும் ஐந்தாம் நோட்டிலும் வேறு வழிகளில் ஆரம்பித்தேன். அந்த வழிகள் எல்லாமே பாதியில் நின்றன. மூன்றாம் நோட்டுக்கு நான் திரும்பிப் போகவில்லை. பிறகு இரண்டாவது குழந்தை, அப்பாவின் உடல்நிலை, ஊர் மாற்றல். 1992-இல் பதிவு காலாவதியானது. யாரும் தடுத்ததால் அல்ல. நீட்டிக்க விண்ணப்பிக்கலாம் என்று வந்த தாளை நான்தான் மேசையிலேயே வைத்திருந்தேன்.

1997-இல் சாரிடமிருந்து ஓர் இன்லண்டு கடிதம் வந்தது. கண் அறுவை சிகிச்சை முடிந்து மறுபடி நூலகம் போக ஆரம்பித்திருந்தார். ராபி, ஸ்வெட்லிச்னி என்ற இருவர் முந்தைய வருடம் வாலஸின் கேள்விக்கு விடை எழுதிவிட்டார்கள் என்று இருந்தது. விடை 'இல்லை'. எண்ணத்தக்க கச்சிதமும் நீக்கல் விதியும் இருந்தும் குலமாகாத இடவியல் அரைக்குலம் ஒன்றைக் கட்டிக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் ஒரு கொக்கி. அந்தக் கட்டுமானத்துக்குக் கண்டினுவம் ஹைப்பாதிசிஸ் தேவைப்பட்டது: இயல் எண்களின் முடிவிலிக்கும் மெய்யெண்களின் முடிவிலிக்கும் இடையில் வேறொரு முடிவிலி இல்லை என்ற கேண்டரின் ஊகம். வழக்கமான கணக் கோட்பாட்டைக் கொண்டு அதை மறுக்க முடியாது என்று கோடெலும், நிரூபிக்கவும் முடியாது என்று 1963-இல் பால் கோஹனும் காட்டிவிட்டார்கள். வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாவிட்டால் விடலாம். அதே 1996-இல் தோமிதா என்பவர் அதைவிடத் தளர்வான அனுமானத்தைக் கொண்டும் எதிர்க்காட்டு ஒன்றைக் கட்டினார். எப்படிப் பார்த்தாலும் வழக்கமான கணக் கோட்பாட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 'ஆம்' என்று நிரூபிக்க நான் முயன்றது நடக்கவே நடக்காத காரியம். அந்தக் கோட்பாட்டில் முரணில்லாத வரைக்கும், உலகத்தில் எவராலும் முடியாது. ஆறு வருடம்! முதலில் வந்தது கோபம்தான். ஒரு பூட்டுக்குச் சாவி செய்துகொண்டே இருந்தேன், அங்கே பூட்டே இல்லை. யார்மீது கோபம் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வாலஸ்மீது இருக்கலாம், கேண்டர்மீதும் இருக்கலாம். இருவரும் போய்ச் சேர்ந்தவர்கள். அன்று வகுப்பில் பிள்ளைகள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

கடிதத்தின் மடிப்பு ஓரத்தில், இடமில்லாமல் செங்குத்தாக, இரண்டு வரி இருந்ததை மறுநாள்தான் கவனித்தேன். "உன் மூன்றாம் நோட்டில் நாற்பதாம் பக்கம் பார். அப்போதே சொல்லியிருக்கலாம், நீயே கண்டுபிடிப்பாய் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு."

பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். நாற்பதாம் பக்கம், மேலிருந்து ஆறாம் வரி. அடுக்குகள் மொய்க்கிற புள்ளி ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்தப் புள்ளியை நோக்கியே போய்ச் சேரும் ஒரு துணைத்தொடர்முறையை அவற்றிலிருந்து பொறுக்கி எடுத்திருந்தேன். முகர்ஜியும் செர்ப்பெஸும் கேட்ட கூடுதல் நிபந்தனை எதற்கோ அதை, அந்த நிபந்தனை இல்லாமலேயே, எடுத்துக்கொண்டுவிட்டேன். ஒரு புள்ளியைச் சுற்றி ஈ மொய்க்கிறது என்பதாலேயே ஏதோ ஒரு வரிசை ஈக்கள் நேராக அதன்மேல் போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. அந்த வரியை ஆரம்பித்து வைத்திருந்த சொல் 'கிளியர்லி'. பதினான்கு வருடத்துக்கு முன்னால் சிவப்புப் பென்சில் கோடு போட்ட அதே சொல்.

சாருக்குப் பதில் எழுதினேன். அவர் அதற்குப் பதில் எழுதவில்லை, அடுத்த முறை மெட்ராஸ் போனபோது டீ வாங்கிக் கொடுத்தார். 2003-இல் காலமானார். நான் பிஎச்.டி. வாங்காமலே ஓய்வு பெற்றேன். கடிகாரம் இப்போது சித்தப்பா பையன் வீட்டில் இருக்கிறது, ஓடவில்லை. நோட்டுகள் ஐந்தும் என்னிடம் இருக்கின்றன. போன வருடம் பழைய பேப்பர்க்காரர் வந்தபோது மற்றதை எல்லாம் எடைக்குப் போட்டோம், அவற்றைப் போடவில்லை.